247 அடியும் ஒரு சிவப்பு வட்டமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

முதுகலை வரலாறு முதலாண்டு படிக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய செமினார் கட்டுரையில், லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, மெய்யெழுத்து. விமானம் 216 அடி, உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் நடுவே 247 அடி, மொத்த எழுத்து என்று எழுதியிருந்தேன். எட்டு இணையதளங்களை ஆதாரமாகக் கொடுத்தேன். பேராசிரியர் எட்டையும் சேர்த்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘இது ஒரே ஆதாரம்தான். நூலகத்துக்குப் போ’ என்று எழுதிவிட்டார். போனேன். கணினியில் ‘பெரிய கோயில்’ என்று தட்டினால் இரண்டு சுற்றுலாக் கையேடுகள்தான் வந்தன. எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் என் கதை. பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில், பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நானும் எழுதினேன். கடையில் வாங்கிய ஒரு கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. கொஞ்ச நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி: ‘காலை ஒன்பது மணிக்குக் கோயிலின் பின்பக்கம் நின்று பார்த்ததுண்டா?’ போய் நின்றேன். நிழல் சாவகாசமாகத் தரையில் படுத்திருந்தது. அதில் உட்கார்ந்து ஒரு குடும்பம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. எட்டுப் பேரும் வரி பிசகாமல் ஒன்றையே சொன்னால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகங்களைத் தேடித்தான் நூலகத்துக்குப் போகிறோம்.

கணினியில் வராததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கோயில் நூலகத்தில் மூன்று நான்கு அலமாரிகளில் பிரிந்து கிடக்கும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறை வைத்திருக்கும் கல்லூரி என்றால், கோயில் கட்டடக் கலை 726இல் இருக்கும், இந்து சமயம் 294.5இல், தமிழக வரலாறு 954.82இல். ‘சோழர்’, ‘கல்வெட்டு’ என்று போட்டுத் தேடுங்கள். ராஜராஜன், இராசராசன் இரண்டையும் போடுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது ‘தஞ்சாவூர்’ மட்டும் போதாது, வெள்ளைக்காரன் எழுதிய ‘டாஞ்சூர்’ என்பதையும் போட வேண்டும். பழைய நல்ல புத்தகங்கள் அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கும். ஒரு புத்தகத்தின் எண் கிடைத்ததும் அலமாரிக்குப் போய், அதற்கு இடமும் வலமும் இருப்பவற்றையும் உருவிப் பாருங்கள். எனக்குப் பாதி புத்தகங்கள் அப்படிக் கிடைத்தவைதான்.

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ அநேகமாக உங்கள் நூலகத்தில் இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். பின்னால் பொருளடைவில் தஞ்சைக் கோயிலைப் பிடியுங்கள், அந்தப் பக்கத்துக்குப் போங்கள், அப்புறம் கண்ணைக் கீழே இறக்குங்கள். அடிக்குறிப்பில் ‘எஸ்.ஐ.ஐ.’ என்று இருக்கும். சவுத் இந்தியன் இன்ஸ்கிரிப்ஷன்ஸ், அதாவது தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதி வரிசை. அதன் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி உங்கள் கோயில்தான். ஜெர்மன் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பிக்கத் தொடங்கி, பின்னால் வந்தவர்கள் முடித்தது, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ரெஃபரன்ஸ் பகுதியில் கேளுங்கள், வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

முதல் கல்வெட்டிலேயே ராஜராஜன் பேசுகிறான்: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக. தன்னுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் விமானத்தின் உச்சிக்கு ஒரு செப்புக்குடம் கொடுத்திருக்கிறான், எடை 3083 பலம். செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், விரலையும் விடச் சிறிய தோரை என்று நுணுகி நுணுகி எழுதி வைத்திருக்கிறார்கள். தோரைக் கணக்கு வரை எழுதியவர்கள் உயிரெழுத்து, மெய்யெழுத்து பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவிர, நாம் 216 என்று எண்ணும் அடி பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்த அளவு. இப்போதுள்ள பெரிய நந்தியோ நாயக்கர் காலத்தது. அது வந்து உட்காரப்போகும் இடம் வரை ராஜராஜன் எப்படி 247 அளந்திருப்பான்?

அச்சில் வந்துவிட்டதால் எல்லாம் வேதம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை ஏமாற்றிய கையேடும் அச்சில் வந்ததுதான். பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அதற்குப் பின் வந்தவர்கள் எதைத் திருத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இதற்கு ஆய்விதழ்கள் வேண்டும். கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால் நூலகரிடம் பயனர் பெயர் வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. சோத்கங்கா என்ற இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. தரம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கடைசியில் உள்ள நூற்பட்டியல் உங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நூலகரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது. ஆக, உங்களுக்குத் தேடித் தருவது அவர்கள் தொழில். ‘பெரிய கோயில் பற்றி ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் மறுபடி சுற்றுலாக் கையேடுதான் வரும். ‘ராஜராஜன் காலத்து நீட்டல் அளவைகள் பற்றிய கல்வெட்டு வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள், எழுந்து உங்களோடு நடப்பார்.

குறிப்பு எடுக்கும்போது தொகுதி எண், கல்வெட்டு எண், பக்க எண் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இதை விட்டதால் ஒரே பக்கத்துக்காக நான் இரண்டு முறை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். அந்த இரண்டாம் தொகுதியை மேல்தட்டிலிருந்து எடுக்கும்போது முதுகைப் பிடித்து இழுக்காமல் இரண்டு கையாலும் இறக்குங்கள். கனம் அதிகம், பழைய பைண்டிங் தாங்காது.