பழைய ஆரஞ்சு ஃபைபரில் 10 ஜி ஏன் நிற்கவில்லை

வணக்கம். 180 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பழைய ஆரஞ்சு ஃபைபரில் (ஒளியிழைக் கேபிள்) 1 ஜி, அதாவது நொடிக்கு 1 கிகாபிட், நன்றாக ஓடுகிறது, 10 ஜி எஸ்ஆர் மாட்யூல் (ஸ்விட்சில் செருகும், குறுந்தூரத்துக்கான ஒளி அனுப்பி-வாங்கி) போட்டால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்கிறீர்கள். மாட்யூல் மேல் தப்பில்லை. உறையில் 62.5/125 (கோர், அதாவது ஒளி போகும் நடுப்பகுதி, 62.5 மைக்ரான்; அதைச் சுற்றிய கண்ணாடியோடு 125) என்று அச்சிட்டிருப்பதாகச் சொன்னீர்களே, அந்த வயதுக் கேபிள் என்றால் ஓஎம்1 என்ற பழைய மல்டிமோடு வகைதான். அந்த அகலமான கோரில் ஒளி பல பாதைகளில் போகிறது. ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக வந்துசேர, துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. வேகம் கூடக்கூட இது மோசமாகும். 1 ஜியின் குறுந்தூர வகையான எஸ்எக்ஸ் 220 மீட்டருக்கு மேலும் போகக்கூடிய இதே கேபிளில் 10 ஜி எஸ்ஆருக்கு வெறும் 33 மீட்டர்தான்.

புதுக் கேபிள் இழுக்கவே முடியாது என்றால் பழைய மல்டிமோடு ஃபைபருக்கான 10 ஜி எல்ஆர்எம் மாட்யூலும், இரு முனையிலும் மோடு கண்டிஷனிங் பேட்ச் கார்டும் (ஒளியைக் கோரின் நடுவிலிருந்து சற்று விலக்கிச் செலுத்தும் குட்டிக் கேபிள்) போடுங்கள். 220 மீட்டர் வரை தாங்கும். உங்கள் ஸ்விட்ச் அதை ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுக்க முடியுமென்றால் தயங்காமல் சிங்கிள் மோடு, அதாவது ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய கோர் ஃபைபர். புதிய மல்டிமோடு வகையான ஓஎம்3 கூட 300 மீட்டர் போகும்தான், ஆனால் பள்ளம் தோண்டுவது ஒருமுறை. சிங்கிள் மோடில் நெடுந்தூர எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டர் போகும். கேட்6ஏ செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். செம்புக்கு 100 மீட்டர்தான் எல்லை, அப்புறம் வெளியே ஓடும் செம்பில் மின்னல் ஆபத்து வேறு.