சூடுபடுத்திப் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். ஒரு பேராசிரியர் பிஎச்.டி.க்கு இடம் தருகிறார். தலைப்பு, உலோக ஆக்சலேட்டுகளின் வெப்பச் சிதைவு. "அது தாத்தா காலத்துத் துறை, மெஷினில் சாம்பிளைப் போட்டால் கர்வ் வரும், அதில் என்ன ஆராய்ச்சி?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சேரலாமா? பிறகு வேலை கிடைக்குமா?

பதில்: பழைய துறைதான். களிமண்ணைச் சூடுபடுத்தினால் என்ன ஆகிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே 1887-லேயே பதிவு செய்துவிட்டார், ஜப்பானில் ஹோண்டா என்ற இயற்பியலாளர் 1915-இல், சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் வெப்பத்தராசையே செய்துவிட்டார். ஆனால் பழையது வேறு, தீர்ந்துபோனது வேறு. உங்கள் நண்பர்களின் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது, நீங்கள் யோசிக்க வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

அந்த வெப்பத்தராசின் இன்றைய வடிவமான டி.ஜி.ஏ. கருவியில் எல்லாரும் முதலில் போடும் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர் போகும், எடையில் 12.3 சதவீதம் குறையும். அடுத்து கார்பன் மோனாக்சைடு, 19.2, கடைசியில் கார்பன் டை ஆக்சைடு, 30.1. மூன்று படிக்கட்டு, பார்க்க அழகாக இருக்கும், இதோடு நின்றால் நண்பர்கள் சொல்வது சரி. அதே சாம்பிளை நைட்ரஜனுக்குப் பதில் காற்றில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் படியில் வெளியேறும் மோனாக்சைடு அங்கேயே எரிந்துவிடும், எடையோடு சேர்த்து வெப்ப ஓட்டத்தையும் பதிவு செய்தால், வெப்பம் உள்ளே போவதாகக் காட்டிய முகடு வெளியே வருவதாகத் திரும்பிக்கொள்ளும். மூன்றாம் படியை கார்பன் டை ஆக்சைடு சூழலில் செய்தால் சிதைவு நூறு டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும். சாம்பிளின் அளவு, துகளின் பருமன், சூடேற்றும் வேகம், சாம்பிள் வைக்கும் கிண்ணமான க்ரூசிபிளுக்கு மூடி உண்டா இல்லையா, எதை மாற்றினாலும் கர்வ் நகரும். அப்படியானால் அதிலிருந்து கணக்கிட்ட கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) அந்தப் பொருளுடையதா, நீங்கள் சோதனை செய்த விதத்துடையதா? கால்சியம் கார்பனேட் போன்ற சாதாரணப் பொருளுக்கே ஒன்றோடொன்று ஒட்டாத மதிப்புகள் ஆய்வுக்கட்டுரைகளில் குவிந்து கிடப்பது இதனால்தான்.

இந்தத் துறையின் பெரிய வியாதி ஒன்று உண்டு. ஒரே ஒரு சூடேற்றும் வேகத்தில் ஒரு கர்வ் எடுத்து, மென்பொருளில் இருக்கும் பத்துப் பதினைந்து கணித மாதிரிகளையும் (மாடல்) பொருத்திப் பார்த்து, எது நேர்கோட்டுக்கு நெருக்கமோ அதுவே வினைவழிமுறை என்று எழுதிவிடுவது! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல மாதிரிகள் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பொருந்தும், ஏனென்றால் கிளர்வு ஆற்றல் ஏறினால், வினைவேகச் சமன்பாட்டில் அதோடு வரும் பெருக்கெண்ணான முன்காரணியும் கூடவே ஏறி ஈடுகட்டிவிடும். பல வேகங்களில் செய்யுங்கள், சிதைவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆற்றலைத் தனியாகப் பாருங்கள் என்று பன்னாட்டு வெப்பப் பகுப்பாய்வுக் கூட்டமைப்பின் குழு 2011-இல் விரிவாகவே பரிந்துரைத்தது. இன்னும் பலர் கேட்பதில்லை.

அதனால் தலைப்பை விட்டுவிட்டு லேபை விசாரியுங்கள். வெளிவரும் வாயு என்னவென்று பார்க்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோ அகச்சிவப்புக் கருவியோ இணைத்திருக்கிறார்களா? சூடேறும்போதே எக்ஸ்-ரே எடுக்க வழி உண்டா, பக்கத்து லேபிலாவது? பாதி சிதைந்த துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் உண்டா? கைடு இல்லாத நேரத்தில் சீனியர்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

லேப் சரி என்றால் ஆக்சலேட் மோசமான தலைப்பே இல்லை. நைட்ரஜனில் நிக்கல் ஆக்சலேட் உலோக நிக்கலாக மிஞ்சும், துத்தநாக ஆக்சலேட் ஆக்சைடாக நின்றுவிடும். ஏன் ஒன்று உலோகம் வரை போகிறது, இன்னொன்று போவதில்லை என்று பிணைப்பிலிருந்து ஆரம்பித்துக் கேட்டால் நான்கு வருடத்துக்குச் சரக்கு இருக்கிறது.

வேலை? தூய சிதைவு வினைவேகவியலுக்கென்றே பேராசிரியர் பணியிடங்கள் அதிகம் கிடையாது, அதை நம்பிச் சேர வேண்டாம். ஆனால் லித்தியம் பேட்டரியின் நேர்மின்வாய்ப் பொருள் எந்தச் சூட்டில் ஆக்சிஜனை விடுகிறது, மருந்தின் ஹைட்ரேட் எப்போது தண்ணீரை இழக்கிறது, அமோனியம் நைட்ரேட்டை எப்படிச் சேமிப்பது, எல்லாமே இதே கேள்விதான். ஆக்சலேட்டோடு இப்படி ஒரு பொருளையும் ஓர் அத்தியாயமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கைடிடம் முதல் வருடத்திலேயே பேசிவிடுங்கள். பாலிமர், சிமென்ட், மருந்து நிறுவனங்களிலும் கருவி விற்பவர்களிடமும் கர்வைப் படிக்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அந்தக் கூடுதல் பொருள் பெர்குளோரேட், அசைடு என்று வெடிக்கக்கூடியதாகப் போனால், முதல் ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் போடாதீர்கள், மூடியையும் இறுக்காதீர்கள்.