லீவு ரிஜிஸ்டர் என்ன சொல்கிறது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 40 பேர். கொஞ்ச நாளாகத் திங்கட்கிழமை லீவு கூடுகிறது, பில்லில் தப்பு வருகிறது. சோம்பலா, மன அழுத்தமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். அவரையே ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த அவரோடு ஒப்பிடுங்கள். மீட்டிங்கில் கலகலவென்று பேசியவர் வாயே திறப்பதில்லை. ஒரு மெயிலை நாலு தடவை திருத்துகிறார். ஆறு மணிக்குக் கிளம்பியவர் இரவு 11 மணிக்குப் பதில் போடுகிறார். இந்தக் கடைசி ஆளை 'நல்ல உழைப்பாளி' என்று பாராட்டிவிடுவோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன.

அடுத்து, லீவு ரிஜிஸ்டரைப் பிரிவுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே பிரிவில் லீவும் தப்பும் ராஜினாமாவும் குவிந்தால், ஆளை விட்டுவிட்டு அந்தப் பிரிவின் வேலையைத் துருவுங்கள்.

கேள்வி: யோகா வகுப்பு வைத்தோம், கவுன்சலரையும் அழைத்தோம். ஒன்றும் மாறவில்லையே?

பதில்: வேலை மாறவில்லையே! பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: வேலைப்பளு, தன் வேலையில் தனக்குள்ள பிடி, மேலிருந்து வரும் ஆதரவு, சக ஊழியர்களோடு உறவு, யாருக்கு எது பொறுப்பு என்ற தெளிவு, மாற்றங்களை அறிவிக்கும் விதம்.

பில் போடும் ஒருவருக்கு இரண்டு மேனேஜர்கள், இருவரும் "இன்னைக்கே வேணும்" என்கிறார்கள் என்று வையுங்கள். இது ஐந்தாவது வகைக் கோளாறு. எந்த வேலை முதலில் என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பாதி பாரம் இறங்கிவிடும். பளு அதிகம், பிடி குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை அதிகம் நசுக்கும். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இலேயே இதைச் சொன்னார். ஆர்டரைக் குறைக்க முடியாவிட்டாலும், வேலையின் வரிசையையும் இடைவேளையையும் அவர்களே முடிவு செய்யட்டும். அதற்குச் செலவே இல்லை.

பெயர் போடாத சர்வே எடுக்கலாம். ஆனால் ஐந்தாறு பேர் உள்ள பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். எழுதியது யாரென்று தெரிந்துவிடும். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்த தடவை எல்லோரும் 'நன்று' என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள்.

கேள்வி: கூப்பிட்டுப் பேசினால் "ஒண்ணுமில்ல சார்" என்கிறார்களே?

பதில்: "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் அந்தப் பதில்தான் வரும். "இந்த மாசம் எந்த வேலை ரொம்ப இழுக்குது?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள், கதவைச் சாத்துங்கள், போனைத் தள்ளி வையுங்கள். அப்ரைசல் சமயத்தில் மட்டும் வேண்டாம். எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு மாற்றத்தையாவது முடிவு செய்து, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கத் தேதி குறியுங்கள்.

நோய்க்குப் பெயர் வைப்பது உங்கள் வேலையில்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரிடம் போக லீவு கொடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவி கிடைக்கச் செய்யுங்கள்.