பதில்: அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்

'அமெரிக்க அரசு மருந்து கொடுத்தே மக்களை ஆட்டிவைத்தது' என்ற வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பா மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லாம் பொய் என்று ஆரம்பிக்காதீர்கள், காது கொடுக்கமாட்டார். பாதி உண்மைதான். மருந்து கொடுத்து மனதை ஆட்டிவைக்க முடியுமா என்று பார்க்க, எம்கே-அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 1953-ல் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் வீடு பிடித்து, பாலியல் தொழிலாளிகளை வைத்து ஆண்களை வரவழைத்து, அவர்கள் குடிப்பதில் எல்எஸ்டி என்ற, மனதைக் குழப்பும் போதைமருந்தைக் கலந்துவிட்டு, மறுபக்கம் தெரியாத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கேவலம்! தங்களோடு வேலை செய்த ஃபிராங்க் ஓல்சன் என்ற ராணுவ விஞ்ஞானிக்கே சொல்லாமல் கொடுத்தார்கள்; ஒன்பதாம் நாள் நியூயார்க் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். 1973-ல் கோப்புகளையும் அழித்தார்கள். தப்பிய கணக்குக் காகிதங்கள் 1977-ல் சிக்கின, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் விசாரித்தது.

வீடியோ விட்டுவிட்டது இதை: அத்தனை வருடம் முயன்றும் ஆளை இஷ்டப்படி ஆட்டிவைக்கும் மருந்து அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, வீடியோவைப் பற்றி அப்பாவிடம் நிதானமாகப் பேசலாம்; மாத்திரைதான் அவசரம். சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் அழுத்தம் எகிறும். அதனால் இன்றைக்கே அளந்து பாருங்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். அப்புறம் மாத்திரை அட்டையை அப்பா கையிலேயே கொடுத்து, அதிலுள்ள பெயரைக் காட்டி டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.