எந்த ரகம் என்று கேட்பதற்கு முன்

இராமநாதபுரம் கடலோர விவசாயிகள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பயிர் நோயியல் ஆசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (திருவாடானை): ஐயா, குலை நோயே வராத நெல் ரகம் எது?

அப்படி ஒன்று கிடையாது. குலை நோய்ப் பூசணம் இலைக்குள் நுழையும்போது தன் காரியத்துக்காகச் சில புரதங்களைச் செலுத்தும். நெல்லின் எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்ளும் காவல் புரதங்களையே உண்டாக்குகின்றன. கண்டுகொண்டதும் அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிந்துவிடும். உயிருள்ள செல் கிடைக்காமல் பூசணம் அங்கேயே முடங்கும். பி-டா என்ற எதிர்ப்பு மரபணுவில் இந்தத் திறன் ஒரே ஓர் அமினோ அமிலத்தைப் பொறுத்தது: அதன் புரதத்தில் 918ஆவது இடத்தில் அலனின் இருந்தால் எதிர்ப்பு உண்டு, செரின் இருந்தால் இல்லை.

பூசணமும் சும்மா இருக்காது. காட்டிக்கொடுக்கும் புரதத்தை மாற்றிக்கொள்ளும், அல்லது அதன் மரபணுவையே தொலைத்துவிடும். சாளை வலையில் நெத்திலி நிற்குமா? ஒற்றை மரபணுவை நம்பி வந்த ரகங்கள் சில பட்டங்களிலேயே எதிர்ப்பை இழப்பது இப்படித்தான். அதனால் இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குகிறார்கள். எந்த ரகமானாலும் யூரியாவைக் கையை அடக்கிப் போடுங்கள். தழைச்சத்து மிஞ்சிய பயிரைக் குலை நோய் தேடி வரும்.

கேள்வி (தொண்டி): இலையில் எள் அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். குலை நோயா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செம்புள்ளி நோய். குலை நோயின் புள்ளி இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி பசித்த மண்ணின் நோய். சாம்பல்சத்துக் குறைவும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் வரும். மண்ணைப் பரிசோதியுங்கள்.

கேள்வி (மண்டபம்): தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிகிறது. எதிர்ப்பு ரகம் உண்டா?

தஞ்சை வாடல் போலத் தெரிகிறது. கானோடெர்மா பூசணத்தின் வேலை. ரகத்தைத் தேடிக் காலத்தைக் கழிக்காமல், இந்த வாரமே வேளாண் அலுவலரை அழைத்து மரத்தைக் காட்டுங்கள்.

கேள்வி (முதுகுளத்தூர்): முண்டு மிளகாயில் பழ அழுகலுக்கு எதிர்ப்பைக் கொண்டுவர முடியாதா?

எனக்குப் பிடித்த கேள்வி. நம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழ அழுகலை உண்டாக்கும் கொலட்டோட்ரைக்கம் பூசணத்துக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. வலுவான எதிர்ப்பு பி.பி.சி. 80 போன்ற மிளகாய் வித்துகளில் இருக்கிறது. ஆனால் அது பக்காட்டம் என்ற வேறு சிற்றினம். நம் மிளகாயோ ஆனுவம். இரண்டையும் கலந்தால் கரு பல சமயம் விதைக்குள்ளேயே மடியும். அதை வெளியே எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக் காப்பாற்ற வேண்டும். இன்னொரு சிக்கல்: காயில் எதிர்ப்பைத் தரும் மரபணுவும் பழத்தில் தருவதும் ஒன்றல்ல. காயில் தேறிய செடி பழத்தில் தோற்கலாம். பிறகு முண்டுவின் உருண்டை வடிவமும் காரமும் கெடாமல், தலைமுறை தலைமுறையாக முண்டுவுடனேயே திரும்பக் கலக்க வேண்டும். முடியும், ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அழுகிய பழத்திலிருந்து விதை எடுக்காதீர்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): பாரம்பரிய ரகங்களுக்கு நோயே கிடையாது. எங்கள் தாத்தா சித்திரைக்கார் நெல்லுக்கு மருந்தே அடித்ததில்லை. ஆராய்ச்சி நிலையங்கள்தானே நோயைக் கொண்டுவந்தன?

தம்பி, தஞ்சாவூர் டெல்டாவைக் குலை நோய் தாக்கியது 1919இல். ஆராய்ச்சி நிலையத்தின் அதிக விளைச்சல் நெல்லான ஐ.ஆர். 8 வந்தது 1966இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் பாருங்கள்.

கேள்வி (ஆர்.எஸ். மங்கலம்): அவர் சொல்வதில் என்ன தவறு? புது ரகம் போட்டு நட்டப்பட்டவன் நான்.

கேள்வி (மீண்டும் தேவிபட்டினம்): 1919 கதை வேண்டாம். என் வயலில் நோய் இல்லை, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சொல்கிறேன். கோ 39 என்று கோயம்புத்தூரில் உருவான ரகம் குலை நோய்க்கு எளிதில் இரையாகும். அதனாலேயே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்து, ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியே அதில் புகுத்திச் சோதனை வரிசைகளை உருவாக்கியது. அந்தக் கோ 39க்குள்ளும் ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது! அது கண்டுகொள்ளும் புரதம் நெல்லைத் தாக்கும் பூசண வகைகள் பெரும்பாலானவற்றில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே எதிர்ப்பு உண்டா என்று கேட்டால் போதாது. எந்த நோய்க்கு, அதில் எந்த வகைக்கு என்றும் கேட்க வேண்டும். பழையது, புதியது என்ற பிரிவு பூசணத்துக்குக் கிடையாது.

உங்கள் தாத்தா பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் வயலில் யூரியா இல்லை. அவருடைய விதை ஒரே அச்சில் வார்த்ததும் அல்ல. செடிக்குச் செடி சற்று வேறுபட்டிருக்கும். சீனாவின் யுன்னானில், நோய்க்கு இரையாகும் பசைநெல்லை எதிர்ப்புள்ள கலப்பின நெல்லுடன் கலந்து நட்டார்கள். தனியாக நட்டதைவிடப் பசைநெல்லில் குலை நோயின் தீவிரம் 94 விழுக்காடு குறைந்தது. 2000இல் வெளியான முடிவு. சித்திரைக்காரைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு நோயே வராது என்று கோவில் கட்டாதீர்கள் என்கிறேன்.

கேள்வி (கீழக்கரை): இறாலில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு...

அது வைரஸ், அதுவும் இறாலில். மீன்வளத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி (பரமக்குடி): எதிர்ப்பு மரபணு சேர்த்தது என்றால் மரபணு மாற்றப் பயிர்தானே?

இல்லை. பூசா பாசுமதி 1637 என்ற நெல் ரகத்தில் உள்ள பி9 என்ற குலை நோய் எதிர்ப்பு மரபணு ஒரைசா மைனூட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்தது. மகரந்தம் சேர்த்துக் கலந்தே கொண்டுவந்தார்கள். எந்த நாற்றில் அது இருக்கிறது என்று பார்க்க மட்டும் டி.என்.ஏ. பரிசோதனை.

கேள்வி (திருப்பாலைக்குடி): நோயே வராத ரகம் எது ஐயா?

முதல் பதில். யூரியா பற்றிய வரியையும் விடாமல் படியுங்கள்.

கேள்வி (நயினார்கோவில்): கதிர் வெளுத்து நிற்கிறது. எதிர்ப்பு ரகம் என்று விற்ற விதை ஏமாற்றா?

விதைக்காரரிடம் போவதற்கு முன் கதிரைப் பிடித்து இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் தண்டுத் துளைப்பான். அதற்கும் இந்த மரபணுக்களுக்கும் சம்பந்தமில்லை. உருவி வராமல், கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால் கழுத்துக் குலை நோய். அப்போது ரகத்தின் பெயரையும் எத்தனை மூட்டை யூரியா போட்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.