பிளிமத் ஹாலோ எங்கே போச்சு?

கேள்வி: பக்கத்துத் தெரு கராஜ் சேலில் 40 டாலருக்கு ஒரு குட்டி மரக் கடிகாரம் வாங்கினேன். ஓரடி உயரம்கூட இல்லை. கதவின் கீழ்க் கண்ணாடியில் பூ வரைந்திருக்கிறது. உள்ளே ஒட்டிய காகிதத்தில் 'சேத் தாமஸ் கிளாக் கம்பெனி, பிளிமத் ஹாலோ, கனெக்டிகட்' என்று இருக்கிறது. மேப்பில் தேடினால் அப்படி ஊரே இல்லை. போலியா? சாவி கொடுத்தால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. வார்னிஷ் அடித்துப் புதுசாக்கலாமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ஊர் எங்கேயும் போகவில்லை, பெயர்தான் மாறிவிட்டது. அதே இடம் இன்று தாமஸ்டன். உங்கள் கடிகாரத்தைச் செய்தவரின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

சேத் தாமஸ் 1785-இல் பிறந்த தச்சர். எலி டெர்ரி என்பவர் 4,000 மரக் கடிகாரங்களுக்கு ஒப்பந்தம் எடுத்தபோது அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பல்சக்கரம்கூட மரம்தான். 1813-இல் பிளிமத் ஹாலோவில் சொந்தப் பட்டறை போட்டார். பித்தளைக்கு அவர் சீக்கிரம் மாறவில்லை. போட்டியாளர் சான்சி ஜெரோம் முந்திக்கொண்டார். ஜெரோம் 1842-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய பித்தளைக் கடிகாரங்களின் விலையைப் பார்த்து, குறைத்துக் காட்டுகிறார் என்று சந்தேகப்பட்ட சுங்கத்துறை, சொன்ன விலைக்கு மேல் பத்து சதவீதம் கொடுத்து முழுச் சரக்கையும் வாங்கிக்கொண்டது. ஜெரோமுக்குக் கசக்குமா? அடுத்த சரக்கையும் அனுப்பிவைத்தார். ஆனால் 1850களில் திவாலானது அவர்தான். மெதுவாக நடந்த தாமஸின் கம்பெனி நிலைத்தது.

கம்பெனி பதிவானது 1853-இல். தாமஸ் 1859-இல் இறந்தார். 1860களின் நடுவில் லேபிளில் 'தாமஸ்டன்' வந்துவிட்டது. ஆக, உங்களுடையது இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் பிறந்தது. அந்தக் காகிதம்தான் அதன் ஜாதகம். தொழில் பழகிய புதிதில், தூசி துடைக்கிறேன் என்று இப்படி ஒரு லேபிளை ஈரத்துணியால் தேய்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் துணியோடு வந்துவிட்டது. குருநாதர் திட்டவில்லை, அந்தத் துணியை என் மேஜைக்கு எதிரே ஆணியில் மாட்டிவைத்தார். நீங்கள் லேபிளைத் தொடவே வேண்டாம்.

சரி, ஏன் நிற்கிறது? பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் காது கொடுங்கள். டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளியில் வர வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்...' என்று நொண்டினால், கடிகாரத்தின் ஒரு பக்கம் அடியில் காசு ஒன்றை வைத்துப் பாருங்கள்; பலனில்லையென்றால் மறுபக்கம். நடை சீரானால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அப்படியும் நின்றால், உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். ஸ்பிரே எண்ணெய் எதையும் பீய்ச்சாதீர்கள். அழுக்கைக் கரைத்து அச்சுத் துளைகளுக்குள்ளேயே இறக்கிவிடும். கழற்றிக் கழுவ வேண்டும், அது உங்கள் வேலையல்ல. முறுக்கிய ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

ஓட ஆரம்பித்த பிறகு தினமும் சாவி கொடுங்கள். இந்த ரகம் பெரும்பாலும் 30 மணி நேரம்தான் தாங்கும்.

அப்புறம், வார்னிஷ். டப்பாவை வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூ உரிந்திருந்தாலும் கண்ணாடி அப்படியே இருக்கட்டும்.