அமௌரோட் எப்படிப்பட்ட நகரம்? அங்கே வீடுகளுக்குப் பூட்டே கிடையாதா?

அமௌரோட் ஒரு கற்பனை நகரம். ஆங்கிலேய எழுத்தாளர் தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட ‘உட்டோப்பியா’ நூலில் வரும், அதே பெயர் கொண்ட தீவு நாட்டின் தலைநகர்.

பூட்டு இல்லை என்பது சரிதான். எல்லா வீட்டுக்கும் இரட்டைக் கதவு. லேசாகத் தள்ளினால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். காரணம், அங்கே சொந்தச் சொத்து என்பதே கிடையாது. அப்புறம் திருட என்ன இருக்கிறது? 10 வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீட்டையே மாற்றிக்கொள்வார்கள். நம்மூர் அரசு குவார்ட்டர்ஸ் மாதிரிதான்: குடியிருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் வீட்டின் பின்னாலுள்ள தோட்டத்தை யார் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரு போட்டி நடக்கும்!

தெருக்கள் 20 அடி அகலம், வீடுகள் மூன்றடுக்கு. எனக்குப் பிடித்தது மருத்துவமனை ஏற்பாடு. மதிலுக்கு வெளியே நான்கு, ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர் அளவுக்குப் பெரியது. நோயாளிகள் நெருக்கியடிக்கக் கூடாது, தொற்றுநோய் உள்ளவர்களைத் தள்ளி வைக்கவும் இடம் வேண்டும் என்பதற்காக. நகரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் அனிட்ரஸ். கிரேக்கத்தில் ‘தண்ணீர் இல்லாதது’ என்று பொருள். மோரின் குறும்பு அது.

உட்டோப்பியாவில் எல்லோரும் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: அந்த நாட்டில் அடிமைகள் உண்டு, ஆடுமாடு அறுப்பது அவர்கள் வேலை.